வயல்காரரின் விடாக் காய்ச்சல்: மெலியோய்டோசிஸை நாம் ஏன் இவ்வளவு பிந்திக் கண்டுபிடிக்கிறோம்?

படுவான்கரை வைத்தியர் (இழையைத் தொடங்கியவர்)

புழுதி விதைப்பு தொடங்கிவிட்டது. இன்னும் சில வாரங்களில் மழை இறங்கும். அதன் பின்னால் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் காய்ச்சல்காரர் வரிசை நீளும். அதற்கு முன் கடந்த பெரும்போகத்தில் நடந்த ஒன்றை இங்கே வைக்க விரும்புகிறேன். நோயாளியை அடையாளங் காணக்கூடிய விபரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

ஐம்பது வயதைக் கடந்த வயல்காரர். பத்து வருடமாகச் சீனி வருத்தம். மாத்திரையை ஒழுங்காகப் போடுபவர் அல்லர். மார்கழி மழையில் மூன்று நாள் வரம்பு கட்டியிருக்கிறார். பிறகு காய்ச்சல், இருமல், உடல் மெலிவு. தனியார் மருந்தகங்களில் இரண்டு முறை நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்டும் காய்ச்சல் விடவில்லை. நெஞ்சு எக்ஸ்றேயில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் நிழல் தெரிந்ததால் ஒரு வைத்தியசாலையில் காசநோய் என்று எண்ணினார்கள். சளியில் காசநோய்க் கிருமி காணப்படவில்லை. இருந்தும் காசநோய் மருந்து தொடங்கப்பட்டது. ஐந்து வாரம் கழித்து, முழங்கால் வீங்கி, நிற்க முடியாத நிலையில் எங்களிடம் தூக்கி வந்தார்கள். மண்ணீரலில் சிறு சிறு சீழ்க்கட்டிகள் இருந்ததை ஸ்கேன் காட்டியது. முழங்காலில் எடுத்த சீழை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பிய பிறகுதான் பேர்க்கோல்டேரியா சூடோமல்லை, அதாவது மெலியோய்டோசிஸ் நோயின் கிருமி, என்ற பதில் வந்தது.

அவர் பிழைத்தார். ஆனால் முதல் நாளே ஒரு குருதி வளர்ப்பு எடுக்கப்பட்டிருந்தால் அந்த ஐந்து வாரமும் அந்த முழங்காலும் மிஞ்சியிருக்கும் என்பது என்னை இன்னும் உறுத்துகிறது. இந்தக் கிருமி எங்கோ தாய்லாந்திலிருந்து வந்ததன்று. எங்கள் வட்டைச் சேற்றிலேயே, வயல்வெளியிலேயே, வாழ்கிறது. இலங்கையில் இந்நோய் முதலில் பதிவானது 1927இல். நாட்டில் இந்நோய் காணப்படும் இடங்களைச் சொல்லும்போது மட்டக்களப்பின் பெயரும் சேர்ந்தே வருகிறது. அப்படியிருந்தும் சேர்க்கைச் சீட்டில் "விடாக் காய்ச்சல்" என்று எழுதும் கை, அதற்குக் கீழே "மெலியோய்டோசிஸ்?" என்று எழுதத் தயங்குகிறது. ஏன் என்று பேசுவோம்.

கல்ச்சர் மேசை

டொக்டர், நான் கிழக்கில் ஒரு வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக இந்த மேசையில்தான் இருக்கிறேன். பிழையின் பாதி எங்கள் பக்கத்திலும் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

இந்தக் கிருமி மெதுவாக வளரும். இருபத்து நான்கு மணித்தியாலத்தில் வளர்ப்புத் தட்டைப் பார்த்தால் ஊசிமுனை போன்ற, எந்தச் சிறப்பும் இல்லாத கிருமிக் குடியிருப்புகளே தெரியும். அன்றே மூடிவைத்துவிட்டு "குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை" என்று அனுப்பினால் கதை முடிந்தது. இரண்டாம், மூன்றாம் நாளில்தான் அவை உலர்ந்து, வெயிலில் காய்ந்த வற்றல் போலச் சுருக்கம் விழுந்து நிற்கும். கிராம் சாயத்தில் கிராம்-எதிர்க் கோல்களாகவும், இரு முனைகளும் கருத்து நடு வெளுத்து ஊக்கு ஊசியைப் போலவும் தெரியும். சளியிலோ புண்ணிலோ வந்தால் "சூடோமோனாஸ் இனம், மாசாக இருக்கலாம்" என்று தள்ளிவிடும் பழக்கம் பல இடங்களில் இருந்தது. சில தானியங்கி, கீற்று முறைகள்கூட இதைக் குரோமோபக்டீரியம் என்றோ, இதன் ஒன்றுவிட்ட உறவான சிபேசியா என்றோ பிழையாகப் பெயரிட்டுவிடும்.

நான் கடைப்பிடிக்கும் வழி எளியது. ஒக்சிடேஸ் சோதனையில் நேர்மறையான ஒரு கிராம்-எதிர்க் கோல், ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அசையாமல் நின்று, கோ-அமொக்சிகிளாவுக்கு மட்டும் அடங்கினால், வேறு எதுவும் நிரூபிக்கப்படும் வரை அதை இந்தக் கிருமி என்றே கருதுவேன். உடனே விடுதிக்குத் தொலைபேசி எடுப்பேன். தட்டைப் பாதுகாப்புப் பெட்டிக்குள் மாற்றுவேன். தட்டைத் திறந்து மோந்து பார்க்கும் பழைய பழக்கம் ஒன்று உண்டே, அதை இந்தக் கிருமியோடு செய்வது உயிரோடு விளையாடுவது.

எங்களுக்கு உங்களிடம் வேண்டியது ஒன்றே. கோரிக்கைப் படிவத்தில் நோய்க் குறிப்புக்கான பெட்டியில் தொண்ணூறு விழுக்காடு "காய்ச்சல்" என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும். அந்த விழுக்காடு கணக்கெடுத்ததன்று, என் எரிச்சல். "வயல்காரர், நீரிழிவு, மழைக்குப் பின் காய்ச்சல்" என்று எழுதிவிட்டால், சளியையும் தொண்டைத் துடைப்பையும் இந்தக் கிருமிக்கென்றே உள்ள ஆஷ்டவுன் ஊடகத்தில் போடுவோம்; தட்டை நாட்கணக்கில் வைத்துப் பார்ப்போம். எழுதாவிட்டால் அது நூற்றில் ஒரு புட்டி.

கல்முனை மருத்துவர்

இருவரும் சொல்வது சரியே. எனினும் நான் தனியார் மருந்தகம் நடத்துபவன். இங்கே நிலைமை வேறு. மழைக்காலத்தில் மாலை ஒன்றுக்கு அறுபது பேர் காய்ச்சலோடு வருகிறார்கள். அவர்களில் பெரும்பான்மையினருக்குச் சாதாரண வைரசுக் காய்ச்சல். டெங்குவைத் தவறவிட்டால் இரண்டு நாளில் ஆள் போய்விடும். 2017இல் நாடு முழுவதும் 186,101 பேர் டெங்கு என்று அறிவிக்கப்பட்ட வருடத்தை நாம் மறக்கவில்லை. அடுத்தது எலிக்காய்ச்சல், 2008இல் 7,000க்கு மேற்பட்டோருக்கு வந்தபோது வயல் மாவட்டங்கள் எல்லாம் கலங்கின. இந்த இரண்டையும் பார்த்து முடிப்பதற்குள் என் நேரமும் நோயாளியின் காசும் முடிந்துவிடும். எல்லோருக்கும் குருதி வளர்ப்பு எடு என்றால் அது நடக்கிற காரியமா? அதன் செலவை யார் கொடுப்பார்?

இன்னொன்று: அரிய நோயொன்றின் பெயரை ஒவ்வொரு காய்ச்சலிலும் எழுதத் தொடங்கினால் மெரோபெனெம் போன்ற கடைசிநிலை மருந்துகள் தண்ணீராக ஓடும். அது இன்னொரு நோய்.

படுவான்கரை வைத்தியர்

எல்லோருக்கும் எடுங்கள் என்று நான் கேட்கவில்லை, டொக்டர். காய்ச்சல்களை நாம் எப்படிப் பிரித்தறிகிறோம் என்பதுதான் பேச்சு.

டெங்குவில் முதல் மூன்று நான்கு நாளில் என்எஸ்1 குருதிச் சோதனை உதவும். வெள்ளணுவும் குருதிச் சிறுதட்டும் இறங்கும். ஒரு வாரத்தில் எப்படியாயினும் முடிவு தெரிந்துவிடும். எலிக்காய்ச்சலில் கண் சிவக்கும், கெண்டைக்கால் தொடமுடியாமல் நோகும், சிறுநீர் குறையும், சிலருக்கு மஞ்சள் தட்டும். பெனிசிலினுக்கோ செஃப்ட்ரியாக்சோனுக்கோ பெரும்பாலும் இணங்கும். உண்ணிக் காய்ச்சலாயின் அக்குளிலோ இடுப்பிலோ கருகிய பொருக்கு ஒன்றைத் தேடினால் கிடைக்கும். டொக்சிசைக்கிளினில் இரண்டு நாளில் ஆள் எழும்பிவிடுவார். நான் சொல்லும் ஆள் இந்த மூன்றிலும் அடங்காதவர். சீனி உள்ளவர், அல்லது சிறுநீரகம் பழுதானவர், அல்லது நெடுநாள் குடிப்பவர், அல்லது தலசீமியா உள்ள பிள்ளை. மழையிலும் சேற்றிலும் நின்றவர். செஃப்ட்ரியாக்சோன் போட்டு மூன்று நாளாகியும் காய்ச்சல் விடாதவர், அல்லது முதல் நாளே நியூமோனியாவோடு குருதியழுத்தம் இறங்கி வருபவர். உங்கள் அறுபது பேரில் இப்படிப்பட்டவர் எத்தனை பேர்? ஒருவரோ இருவரோ. அவரிடம் மட்டும், அடுத்த மருந்தை எழுதும் முன், அரச வைத்தியசாலைக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறேன். அங்கே வளர்ப்புச் சோதனைக்கு அவர் காசு கொடுக்க வேண்டியதில்லை.

மெரோபெனெம் பற்றிய உங்கள் கவலையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் இந்த நோயில் முதல் வரிசை மருந்து செஃப்டாசிடிம் தானே. 1989இல் தாய்லாந்தின் உபோன் நகர ஆய்வு வெளிவந்தபோது, கடும் மெலியோய்டோசிஸில் பழைய மருந்துகளோடு ஒப்பிட இறப்பைப் பாதியாகக் குறைத்தது இந்த ஒரு மருந்துதான். மெரோபெனெமைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் ஆளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நாலாம் வருட மாணவி

மன்னிக்க வேண்டும், நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருப்பவள், இரண்டு சந்தேகங்கள். செஃப்ட்ரியாக்சோனும் செஃப்டாசிடிமும் ஒரே தலைமுறை என்றே படித்தோம்; ஏன் ஒன்று வேலை செய்ய மற்றது செய்வதில்லை? அடுத்தது, வளர்ப்புச் சோதனைக்கு நாலைந்து நாள் காத்திருப்பதை விடப் பிறபொருளெதிரிச் சோதனை ஒன்றைச் செய்துவிட்டால் போதாதா?

படுவான்கரை வைத்தியர்

நல்ல கேள்விகள், தங்கச்சி. முதலாவதற்கு: ஆய்வுகூடத் தட்டில் செஃப்ட்ரியாக்சோன் ஓரளவு வேலை செய்வதுபோல் தோன்றும், ஆனால் அதை வாங்கிய நோயாளிகள் செஃப்டாசிடிம் வாங்கியவர்களை விடக் கூடுதலாக இறந்தார்கள் என்பதே அனுபவம். அதனால்தான் செஃப்ட்ரியாக்சோனில் சற்றுக் காய்ச்சல் குறைந்து மீண்டும் ஏறும் ஆளைக் கண்டால் எனக்குப் பயம் பிடிக்கிறது. பெனிசிலின், அம்பிசிலின், ஜென்டாமைசின் ஆகியவற்றை இந்தக் கிருமி இயல்பாகவே பொருட்படுத்தாது. அதாவது "எல்லாவற்றுக்கும்" என்று நம்பிக் கொடுக்கும் கூட்டு ஊசி, இங்கே வெறும் தண்ணீர்.

இரண்டாவதற்குக் கல்ச்சர் மேசை பதில் சொல்வதே பொருத்தம்.

கல்ச்சர் மேசை

சேற்றில் பிறந்து வளர்ந்த மக்களில் பலருக்கு நோயே வராமல் பிறபொருளெதிரி இருக்கும். ஆகவே நேர்மறை என்றவுடன் நோய் என்று சொல்ல முடியாது. மிக உயர்ந்த அளவு சந்தேகத்தை வலுப்படுத்தும், அவ்வளவே. கடும் நோயின் முதல் நாட்களில் அது எதிர்மறையாகவும் இருக்கலாம். உறுதி என்பது கிருமியை வளர்த்துக் காட்டுவதில்தான். ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு, கவனமாகக் கேளுங்கள்: வளர்ப்புச் சோதனை உண்மையான நோயாளிகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரையே பிடிக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு புட்டி வெறுமையாக வந்ததும் நோயில்லை என்று கோவையை மூடாதீர்கள். குருதி, சிறுநீர், சளி, தொண்டைத் துடைப்பு, சீழ் இருந்தால் சீழ், எல்லாவற்றையும் அனுப்புங்கள். சந்தேகம் நின்றால் மறுபடியும் அனுப்புங்கள். ஆணாயின் முன்னிற்கும் சுரப்பியையும், எல்லோருக்கும் ஈரல், மண்ணீரலையும் ஸ்கேனில் பார்ப்பதை டொக்டர்மார் மறக்கக்கூடாது என்பதும் என் வேண்டுகோள். அது என் வேலையன்று என்றாலும்.

ஒரு கிளைக்கதை. 1911இல் ரங்கூனில் பிணக்கூடத்தில் வேலை செய்த விட்மோரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும்தான் இந்தக் கிருமியை முதலில் பிரித்தறிந்தார்கள். மோர்பின் ஊசிப் பழக்கமுள்ள ஏழைகளின் உடல்களில் கண்டார்கள். நோய்க்கு விட்மோரின் பெயரைச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிருஷ்ணசாமியை யாரும் சொல்வதில்லை.

சம்மாந்துறை வட்டை

நான் மருத்துவம் படித்தவனல்லன், வயல் செய்பவன். இந்த இழையை ஒரு நண்பர் அனுப்பினார். வாசித்தபோது கை நடுங்கியது, ஏனென்றால் இது என் மூத்த சகோதரர், காக்காவின் கதை.

கடந்த பெரும்போகத்தில் அவருக்கு இதே வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். இரண்டு கிழமைக்கு மேல் வைத்தியசாலையில் ஊசி. முதல் ஒரு கிழமையாகக் காய்ச்சல் இறங்கவே இல்லை. மருந்து பிழை என்று நினைத்து நாங்கள் கொழும்புக்குக் கொண்டுபோகக்கூட ஆயத்தமானோம். பிறகு நன்றாகி வீடு வந்தார். மூன்று மாதத்துக்கு மாத்திரை தந்தார்கள். ஐந்து கிழமை போட்டார். ஆள் பழையபடி தேறிவிட்டார், மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்றார், அதற்குள் நோன்பும் வந்தது, நிறுத்திவிட்டார். நாங்களும் வற்புறுத்தவில்லை. நாலைந்து மாதம் கழித்துக் கழுத்தில் கட்டி, திரும்பவும் காய்ச்சல். வைத்தியசாலையில் "மாத்திரையை முடித்தீர்களா?" என்று கேட்டபோது காக்கா ஆம் என்று சொல்லிவிட்டார். உம்மாதான் அலுமாரியிலிருந்து மிச்சப் பையை எடுத்துவந்து கட்டிலில் கொட்டினார்.

இப்போது மறுபடியும் ஊசி முடிந்து மாத்திரை போடுகிறார். என் கேள்வி: இவ்வளவு நாள் மாத்திரை உண்மையில் தேவையா?

படுவான்கரை வைத்தியர்

தேவை, தம்பி. சேற்றுக்குள் வயல் நண்டு வளை தோண்டிப் பதுங்குவதுபோல் இந்தக் கிருமி நம் உடலின் கலங்களுக்குள்ளேயே பதுங்கும். ஊசி மருந்து, குறைந்தது 10 முதல் 14 நாள், உயிரைக் காப்பாற்றுகிறது. ஆழமான கட்டிகளோ எலும்பு, மூளைப் பாதிப்போ இருந்தால் அது பல வாரமாக நீளும். அதன் பிறகு வரும் மூன்று மாத மாத்திரை பதுங்கியதை ஒழிப்பதற்கு. இரண்டாவதை விட்டவர்களிடம் நோய் திரும்புவது வழக்கமான செய்தி. இரண்டாம் உலகப் போரில் தாய்லாந்தில் கைதியாக இருந்த ஒருவருக்கு 62 வருடம் கழித்து இந்நோய் வெளிப்பட்டதாகப் பதிவே இருக்கிறது.

காய்ச்சல் ஒரு கிழமையாக இறங்கவில்லை என்றீர்களே, அது மருந்தின் பிழையன்று. சரியான மருந்திலும் காய்ச்சல் விடச் சராசரியாக 9 நாள் ஆகும். இதை நான் விடுதியில் குடும்பத்தாருக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். இளம் வைத்தியர்களுக்கும் சொல்வேன், இல்லாவிட்டால் நாலாம் நாள் மருந்தை மாற்றிவிடுவார்கள்.

அக்கரைப்பற்று மருந்தாளர்

மாத்திரை பற்றி நான் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழை எங்கள் கண்ணாடி மேசைக்கு மேலேயும் நடக்கிறது.

அந்த மூன்று மாத மாத்திரை கோ-ட்ரைமொக்சசோல். அதன் 480 மில்லிகிராம் மாத்திரையைச் சிறுநீர்க் கிருமிக்கு இரண்டு, காலை மாலை என்றுதான் கொடுத்துப் பழகியிருக்கிறோம். முதல் தடவை ஒரு சீட்டில் "4 மாத்திரை, நாளுக்கு இரு வேளை, 12 வாரம்" என்று கண்டபோது எழுத்துப் பிழை என்றே நினைத்தேன். கணக்குப் போட்டால் 672 மாத்திரை. நல்லவேளையாக நானாகக் குறைக்காமல் எழுதியவருக்குத் தொலைபேசி எடுத்தேன். 60 கிலோவுக்கு மேல் நிறையுள்ளவருக்கு அதுவே சரியான அளவு. 40 முதல் 60 கிலோ வரை மூன்று மாத்திரை. "இது கூடிப்போச்சு, இரண்டு போதும்" என்று அன்பாகச் சொல்லும் மருந்தாளர் இந்த நோயில் ஆளைத் திரும்பக் கட்டிலில் கிடத்திவிடுவார்.

மறுபக்கமும் உண்டு. நம் நீரிழிவுக்காரர் பலர் லொசார்ட்டானோ எனலப்ரிலோ ஆகிய குருதியழுத்த மாத்திரை போடுபவர்கள். அதோடு இந்த அளவு கோ-ட்ரைமொக்சசோல் சேர்ந்தால் குருதியில் பொட்டாசியம் ஏறும். சீனி மாத்திரையான கிளிக்கிளசைட்டோடு சேர்ந்தால் சீனி சடுதியாக இறங்கலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவருக்கு மருந்தையே மாற்ற நேரும். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றே ஓடிவர வேண்டும். முதல் வாரங்களில் வாராவாரம் குருதி பார்ப்பது இதற்காகத்தான்.

சம்மாந்துறைச் சகோதரருக்கு: இரு வேளை மருந்து என்பதால் சஹருக்கும் நோன்பு திறந்த பிறகும் போட்டிருக்கலாம் என்று தோன்றும். ஆனால் இந்த மருந்துக்குத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். நோன்பு பிடிப்பதா விடுவதா என்பதை நிறுத்திய பிறகன்று, நிறுத்தும் முன் வைத்தியரிடமும் ஆலிமிடமும் கேட்டிருக்க வேண்டும். நோயாளிக்குச் சலுகை இருக்கிறதே.

ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்

நீங்கள் எல்லோரும் வந்த பிறகு செய்வதைப் பேசுகிறீர்கள். வராமல் தடுப்பதை யாரும் தொடவில்லை.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்க்கிறேன். விதைப்புக் காலத்தில் நாங்கள் எலிக்காய்ச்சலுக்காக வாரம் ஒருமுறை டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம் கொடுப்போம். அதைப் போட்ட வயல்காரர் எந்தச் சேற்றுக் காய்ச்சலும் தனக்கு வராது என்று நம்புகிறார். மெலியோய்டோசிஸை அது தடுக்காது. இதற்குத் தடுப்பூசியும் இல்லை. மருந்தால் தடுப்பது என்றால், வட அவுஸ்திரேலியாவில் மழைக்காலத்தில் குருதிச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளுக்குக் கோ-ட்ரைமொக்சசோல் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. வயல்காரர் அனைவருக்கும் அப்படிக் கொடுக்க முடியாது.

மிஞ்சுவது மூன்று வாசல்கள். காலில் உள்ள புண், குடிக்கும் நீர், புயல் மழையில் மூச்சோடு போகும் நீர்த்துளி. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தாய்லாந்தில் சேற்று நீரை விழுங்கிப் பிழைத்தவர்களில் சிலருக்கு நியூமோனியாவாக இது வந்தது. நம் கரையில் இருந்தவர்களுக்கு அந்த நீரின் சுவை மறந்திருக்காது. வயல் குடிசையான வாடியில் இருக்கும் கட்டாத கிணற்று நீரைக் கொதிக்க வைத்தோ குளோரின் இட்டோ குடிக்க வேண்டும். சேற்றில் இறங்குவோர் றப்பர் பூட்ஸ் போட வேண்டும்.

சம்மாந்துறை வட்டை

ஐயா, பூட்ஸ் பற்றி மரியாதையோடு ஒரு மறுப்பு. எங்கள் வயல் கண்டத்தில் சேறு முழங்கால் வரை. பூட்ஸோடு இறங்கினால் இரண்டாவது எட்டில் கால் மேலே வரும், பூட்ஸ் கீழே நிற்கும். உள்ளே தண்ணீர் புகுந்தால் அரை மணியில் கால் ஊறி வெடித்துவிடும். தந்தவர்கள் சந்தோசமாகத் தந்தார்கள். அவை இப்போது வாடியில் விதை நெல்லுக்குப் பக்கத்தில் தொங்குகின்றன.

ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்

நியாயம், தம்பி. முப்பது வருடம் பூட்ஸ் கொடுத்தவன் நான். அவை தொங்குவதையும் பார்த்திருக்கிறேன். உழும்போதும் விதைக்கும்போதும் முடியாது என்பதை ஏற்கிறேன். வரம்பு செதுக்கும்போதும், நீர் போக வக்கடை வெட்டும்போதும், வாய்க்கால் துப்புரவாக்கும்போதும் போடலாம். மண்வெட்டியும் அரிதாளும் காலைக் கிழிப்பது அங்கேதான் கூட. மற்ற நேரத்தில், காலில் வெட்டோ வெடிப்போ இருந்தால் அன்று சேற்றில் இறங்காமல் வேறு ஆளை இறக்க வேண்டும். கரையேறியதும் சுத்தமான நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவ வேண்டும். சீனி உள்ளவர் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். வெட்டியது அவருக்கே தெரியாது. வீட்டில் ஒருவர் இரவில் விளக்கைப் பிடித்து உள்ளங்காலைப் பார்ப்பது பூட்ஸை விடப் பயன் தரும் என்றே இப்போது நினைக்கிறேன்.

கல்முனை மருத்துவர்

மழைக்காலத்தில் அறுபது பேரையும் சந்தேகிக்க முடியாது என்பதில் நான் இன்னும் மாறவில்லை. ஆனால் நேற்று மாலை என் ஏட்டைப் புரட்டினேன். கடந்த மார்கழி, தையில் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்த காய்ச்சல்காரர் ஏழு பேர்; அவர்களில் நால்வருக்குச் சீனி. அந்த நால்வருக்கும் நான் மருந்தை மாற்றி எழுதியிருக்கிறேனே தவிர ஒருவரையும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பவில்லை. இருவர் பிறகு என்னிடம் வரவே இல்லை. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. இனி இரண்டாவது மருந்தை எழுதும் முன் சீனியையும் தொழிலையும் கேட்டு எழுதுவேன். சம்மதித்தால் கல்ச்சர் மேசை தம் படிவத்தில் என்ன வரி இருக்க வேண்டும் என்பதை இங்கே இடட்டும். நான் முத்திரை செய்துகொள்கிறேன்.

கல்ச்சர் மேசை

"நீரிழிவு / சேற்று வேலை / காய்ச்சல் ... நாள் / இதுவரை பெற்ற மருந்து ... / மெலியோய்டோசிஸ் பார்க்கவும்." இவ்வளவு போதும், டொக்டர். கடைசி இரண்டு சொற்கள் எங்கள் உயிரையும் காப்பதால் அதைச் சிவப்பு மையில் அடியுங்கள்.

சம்மாந்துறை வட்டை

காக்காவுக்கு இன்று ஏழாவது கிழமை. இப்போது மாத்திரையை உம்மா எண்ணிக் கொடுக்கிறார். வெறும் அட்டைகளைப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறார், அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டவாம். லொசார்ட்டான் போடுகிறார் என்பதை மருந்தாளர் எழுதியதை வாசித்த பிறகுதான் கவனித்தேன். வியாழக்கிழமை குருதி பார்க்கும்போது பொட்டாசியத்தையும் கேட்கிறேன். விதைப்புக்கு அவரை இறக்கவில்லை. வரம்பில் கதிரை போட்டு இருந்துகொண்டு எங்களை ஏசுகிறார்.